இருட்டில் வந்தது நரியா, நாயா? செட்டிநாட்டு ஆட்டுப்பட்டிக்கு நைட் விஷன் வாங்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் விடிகாலையில் பட்டிக்குள் ஆடு செத்துக் கிடந்தால் பழி முதலில் நரி மேல்தான் விழும். கண்மாய்க் கரையெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ராத்திரியில் ஊளைச் சத்தம் கேட்கிறது, வேறு ஆளை எதற்குத் தேட வேண்டும்? முன்பெல்லாம் ஐந்து கட்டை டார்ச்சை நாலாபக்கமும் அடித்துப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இப்போது கைபேசியைத் திறந்தால் நைட் விஷன் விளம்பரம் வந்து நிற்கிறது. கும்மிருட்டில் ஆயிரம் மீட்டர் தெரியும் என்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், "அப்பா, ஊருக்கு வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வரவா?" என்று கேட்கிறான்.

வாங்கலாம். ஆனால் அந்த விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுவது துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கும் டிஜிட்டல் ஸ்கோப். அது நமக்காகச் செய்த பொருள் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், ஆட்டுக்குட்டி பிடிக்கும் கயோட்டி என்ற நரி இனத்தையும் வயலைக் கிளறும் பன்றியையும் சொந்த நிலத்தில் ராத்திரியில் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது. பல்சார், ஏ.டி.என்., சைட்மார்க், ஹிக்மைக்ரோ போன்ற நிறுவனங்கள் அந்த வேட்டைக்காரர்களை மனதில் வைத்துத்தான் ஸ்கோப் செய்கின்றன. வெடிக்கும்போது வரும் உதைப்பைத் தாங்கும் உடம்பு, குறிபார்க்கும் கோடு, குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்குப் போடும் மென்பொருள், சுட்டவுடன் தானாக ஓடத் தொடங்கும் வீடியோ என்று அதன் விலையில் ஒரு பங்கு சுடுவதற்கான வசதிகளுக்குப் போகிறது. பார்ப்பதற்கு இவை எதுவும் வேண்டாம்.

சரி, ஸ்கோப்பே வாங்கினால்தான் என்ன? இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 9-ம் பிரிவில் வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டும் வேட்டை என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பொறி வைத்துப் பிடிப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அந்த வரையறைக்குள் வருகின்றன. அவுட்டுக்காய், அதாவது கடித்தால் வெடிக்கும் நாட்டுவெடி, வைப்பவரும் அதில் அடக்கம். 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நரி, மிக அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்கு ஏறிவிட்டது. அந்த அட்டவணையில் உள்ள விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். எலி, காகம், பழந்தின்னி வௌவால் போன்றவற்றைத் தீங்குயிர் என்று பட்டியலிட்டிருந்த பழைய ஐந்தாம் அட்டவணையும் அதே திருத்தத்தில் போய்விட்டது.

ஆட்டைக் கடித்தது என்று காரணம் சொல்லி அனுமதி வாங்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் அட்டவணை விலங்கென்றால், மனித உயிருக்கு ஆபத்து வந்தாலோ, அந்த விலங்கே மீள முடியாத காயமோ நோயோ பட்டிருந்தாலோதான் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். சொத்துச் சேதம் என்ற காரணம் அங்கே எடுபடாது. கையில் பயிர்க்காவலுக்கென்று வாங்கிய துப்பாக்கி உரிமம் இருந்தாலும் இதுதான் நிலைமை. அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான், நரியைச் சுட இல்லை. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றி அறிவித்தபோதுகூட, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம் என்றுதான் சொன்னது. விவசாயி கையில் அந்த அதிகாரம் வரவில்லை. வந்தது தெருநாயாக இருந்தால் வேறு சட்டங்கள், பிராணி வதைத் தடுப்புச் சட்டமும் 2023-ம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகளும். அங்கும் சுடுவதற்கு வழியில்லை.

ஆகவே செட்டிநாட்டில் ஒருவர் நைட் விஷன் வாங்கினால் அது ஒரே வேலைக்குத்தான் பயன்படும். யார் வந்து போகிறார்கள் என்று தெரிந்துகொள்வது. அது சின்ன வேலை இல்லை. வருவது நாய் என்றால் வேலியின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும், ஊராட்சியில் போய் நிற்க வேண்டும். மரநாய் என்றால் கோழிக்கூட்டின் கூரையை அடைக்க வேண்டும். நரி என்றால் குட்டிகளை எங்கே படுக்க வைக்கிறோம் என்பதை மாற்ற வேண்டும். யாரென்று தெரியாமல் செலவழிக்கும் பணம் எல்லாம் வீண்தான்.

கருவியே இல்லாமல் பாதி துப்புத் துலங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் கோழிக்குஞ்சு காணாமல் போனால் அது அநேகமாகக் கீரி அல்லது வல்லூறு. கீரி பகலில் திரியும் பிராணி, அதற்கு இருட்டுக் கருவி தேவையே இல்லை. ஒரே ராத்திரியில் ஏழெட்டு ஆடுகள் தொடையிலும் பின்பக்கத்திலும் கடிபட்டு, தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால் அது நாய்க்கூட்டத்தின் கைவரிசை. நரி பொதுவாகக் குட்டியின் கழுத்தைப் பிடிக்கும், முடிந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருநாய் கடித்துச் செத்த ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் தெருவில் இறங்கியது செய்தியானது. அந்தத் தொல்லை நம் பக்கம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. நரி பேரில் எழுதப்படும் கணக்கில் கணிசமான பங்கு நாயுடையது என்பது என் சந்தேகம்.

கருவிக்குள் என்ன இருக்கிறது

ராணுவத்தில் பயன்படும் பழைய வகை நைட் விஷன் ஒரு வெற்றிடக் குழாயை நம்பி ஓடியது. நிலவொளி, நட்சத்திர ஒளியிலிருந்து விழும் ஒளித்துகளை எலக்ட்ரானாக மாற்றி, அதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கி, பச்சை நிறத்தில் ஒளிரும் திரையில் காட்டும். படம் அருமையாக இருக்கும், விலை பயமுறுத்தும், பகல் வெளிச்சம் பட்டால் குழாய் கெட்டுப்போகும். டிஜிட்டல் வகையில் அந்தக் குழாய் இல்லை. கைபேசி கேமராவில் உள்ளது போன்ற சிலிக்கான் சென்சார் முன்னால், சின்னத் திரை பின்னால், அவ்வளவுதான். பகலிலும் பார்க்கலாம், படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இரவில் பட்டிக்கு வந்த பிராணியை மறுநாள் வனத்துறை ஊழியரிடம் காட்ட அந்தப் பதிவு உதவும்.

சூட்சுமம் சிலிக்கானில் இருக்கிறது. ஒளியின் அலைநீளத்தில் நம் கண் சுமார் 700 நானோமீட்டரோடு நின்றுவிடும். சிலிக்கான் ஏறத்தாழ 1100 வரைக்கும் பார்க்கும். அந்த இடைவெளியில் ஒரு விளக்கை எரியவிட்டால் நமக்கு இருட்டு, கருவிக்கு வெளிச்சம். டிஜிட்டல் நைட் விஷனோடு வரும் ஐ.ஆர். லைட், அதாவது அகச்சிவப்பு விளக்கு, அதுதான். இருட்டில் பார்க்கும் கருவி என்று விற்கிறார்கள், உண்மையில் கண்ணுக்குத் தெரியாத டார்ச்சும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு கேமராவும் சேர்ந்த ஜோடி அது. இதைப் புரிந்துகொண்டால் விளம்பரத்தில் எதைப் படிக்க வேண்டும், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்பது தெளிவாகும்.

ஆயிரம் மீட்டர் கதைக்கு வருவோம். 1958-ல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் என்பவர் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஏதோ ஒன்று நிற்கிறது என்று தெரிவது ஒரு நிலை, அது என்ன வகை என்று தெரிவது அடுத்தது, இன்னதுதான் என்று அடையாளம் காண்பது மூன்றாவது. பொருளின் குறுக்கே முறையே 1, 4, 6.4 கோட்டு இணைகள் (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஓர் இணை) பிரிந்து தெரிந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் அந்த நிலை கைகூடும் என்றார். ஓர் இணைக்கு இரண்டு பிக்சல், அதாவது படப்புள்ளி, என்று வைத்தால் 2, 8, 13 பிக்சல். விற்பவர்கள் பெரிய எழுத்தில் போடுவது முதல் நிலையின் தூரத்தை. அதுவும் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும் ஆள் உயரத்துக்குக் கணக்குப் பார்த்தது. நரி தோள் உயரம் நாற்பது சென்டிமீட்டர் சொச்சம்தான். நமக்கு வேண்டியதோ மூன்றாம் நிலை.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்காணிப்புக் கேமராக்களுக்காக சோனி செய்யும் ஸ்டார்விஸ் வகை சென்சார்களில் பரவலானவற்றில் ஒரு பிக்சல் 2.9 மைக்ரான். முன்னால் 25 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சல் சுமார் 1.2 சென்டிமீட்டரைக் காட்டும். நரியின் உயரத்துக்கு 34 பிக்சல் கிடைக்கிறது, தேவை 13 தான். 250 மீட்டர் வரைக்கும் நரியா நாயா என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது. ஆனால் அப்படி நடப்பதில்லை, வெளிச்சம் போய்ச் சேராது. விரிந்து போகும் ஐ.ஆர். வெளிச்சம் தூரம் இரட்டித்தால் நான்கில் ஒரு பங்காகிவிடும். 50 மீட்டரில் பளிச்சென்று தெரிந்தது 200 மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சத்தில் கிடக்கும். படம் புள்ளி புள்ளியாக இரைச்சலாகிவிடும், பிக்சல் எத்தனை இருந்தும் பயனில்லை.

அதனால் நான் பணத்தை ஐ.ஆர். லைட்டில் போடச் சொல்வேன். முனையைத் திருகினால் வெளிச்சம் குவியவும் விரியவும் வேண்டும். கழற்றி வேறு மாட்டிக்கொள்ளும்படி இருந்தால் இன்னும் நல்லது. பத்து மடங்கு ஜூம், இருபது மடங்கு ஜூம் என்பதெல்லாம் பெரும்பாலும் நடுவில் உள்ள பிக்சல்களை வெட்டி ஊதிப் பெரிதாக்குவது. நமக்கு உண்மையில் தேவைப்படும் தூரம் என்ன? பட்டியிலிருந்து வரப்பு, வரப்பிலிருந்து கண்மாய்க் கரை, முப்பது முதல் எண்பது மீட்டர். அதற்கு அப்பால் கருவேல முள். டெக்சாஸ் புல்வெளியில் 300 மீட்டர் பார்ப்பவர் கேட்கும் ஜூம் இங்கே இடைஞ்சல், பார்வை வட்டம் குறுகி, ஓடும் பிராணியைத் தொடர முடியாமல் போகும். குறைந்த ஜூமும் அகன்ற பார்வையும் உள்ளதே பட்டிக்கு ஏற்றது.

850-ஆ, 940-ஆ

ஐ.ஆர். லைட் இரண்டு அலைநீளங்களில் வருகிறது. 850 நானோமீட்டர் லைட்டை நேராகப் பார்த்தால் மங்கிய சிவப்புப் பொட்டு தெரியும். 940-ல் அதுவும் தெரியாது, ஆனால் அங்கே சிலிக்கானின் உணர்திறன் நன்றாகக் குறைந்துவிடுவதால் எட்டும் தூரமும் குறையும். பட்டிக்கு வந்துபோகும் பிராணி அந்தச் சிவப்புப் பொட்டைக் கவனித்து ஒதுங்குகிறது என்று தோன்றினால் 940. இல்லையென்றால் 850 போதும். கையில் பிடித்துப் பார்க்கும் கருவிக்கு 850-ம், பட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிவைக்கும் கேமராவுக்கு 940-ம் பொருத்தம் என்பது என் கருத்து.

நம் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், கருவியில் வெள்ளையாகத் தெரியும். சீமைக்கருவேலம் கோடையிலும் பச்சையாக நிற்கிற செடி. முன்னால் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால் போதும், லைட் அதில் பட்டுப் பளீரென்று எகிறும், கருவி வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் பின்னால் உள்ளதை இருட்டாக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் இதே தொல்லை, ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். நல்ல சென்சாருக்கு நிலா வெளிச்சம் தாராளம்.

லைட்டால் இன்னொரு பலனும் உண்டு. நரி, நாய், பூனை, மரநாய், ஆடு, மாடு ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. ஐ.ஆர். லைட் பட்டால் கண் இரண்டும் வெள்ளைப் பொட்டாக மின்னும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. அதனால் கருமையாக ஓர் உருவம் கிழங்குத் தோட்டத்தில் நகர்ந்து, கண் மின்னவில்லை என்றால் பன்றியாக இருக்க வாய்ப்பு அதிகம். நரியையும் நாயையும் கண் மின்னுவதை வைத்துப் பிரிக்க முடியாது, படம் கறுப்பு வெள்ளை என்பதால் நிறமும் உதவாது. வாலைப் பாருங்கள். நரியின் வால் புசுபுசுவென்று கீழே தொங்கும், முகம் ஒடுங்கியிருக்கும். நாட்டு நாய்க்குப் பெரும்பாலும் வால் மேலே வளைந்திருக்கும். காட்டுப்பூனைக்குக் கால் நீளம், வால் குட்டை. மரநாய்க்கு நேர்மாறு, கால் குட்டை, வால் உடம்பு நீளத்துக்குப் போகும். பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீடுகளின் ஓட்டுக்கூரையை மரநாய்க்கு ரொம்பப் பிடிக்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் கொல்லைக் கோழிக்கூட்டில் சேதம் என்றால் தரையை மட்டும் பார்க்காமல் மதில் மேலும் பாருங்கள்.

தெர்மல் வாங்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு. அது வேறு இயல்புடையது. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை, சுமார் 8 முதல் 14 மைக்ரான் வரையிலானதை, படமாக்குகிறது. லைட்டே வேண்டாம், புதருக்குள் படுத்திருக்கும் பிராணியையும் இடுக்கு வழியே காட்டிவிடும். கண்டுபிடிப்பதில் டிஜிட்டல் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் மேலே போட்ட அதே கணக்கைப் போடுங்கள். 12 மைக்ரான் பிக்சல், 19 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கையடக்கத் தெர்மலில் 100 மீட்டரில் ஒரு பிக்சல் 6 சென்டிமீட்டருக்கும் மேல். நரி ஆறு பிக்சல் உயரம். ஏதோ நாலுகால் பிராணி என்று தெரியும், நரியா நாயா என்று தெரியாது. 50 மீட்டருக்குள் வந்தால்தான் 13 பிக்சல் தேறும். போதாததற்குச் சித்திரை, வைகாசியில் செம்மண்ணும் செம்பூரான் கல்லும் பகலில் குடித்த வெயிலைப் பாதி ராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும். பின்னணியும் பிராணியும் ஒரே சூட்டில் இருந்தால் படம் மங்கும், விடியற்காலை பக்கம்தான் தெளியும். விலையோ பல மடங்கு. யாரென்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் டிஜிட்டலே சரி.

கிடை போடும் கீதாரிகளுக்கு இதில் ஒரு விதிவிலக்கு சொல்வேன். இன்று ஒரு புஞ்சை, நாளை ஒரு புஞ்சை என்று இடம் மாறுகிறவர்களுக்கு நாலு பக்கமும் இருட்டு, எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது. அங்கே முதலில் எதையாவது கண்டுபிடிப்பதே பெரிய விஷயம். நாலைந்து கிடைக்காரர்கள் சேர்ந்து ஒரு தெர்மல் வாங்கிச் சுற்றில் விடலாம். ஆனாலும் கிடைக்கு நல்ல ஒரு மண்டை நாய் (ராமநாதபுரம் பக்கத்து நாட்டு நாயினம்) செய்யும் காவலை எந்தக் கருவியும் செய்யாது, அது தூங்கும்போதும் மோப்பம் பிடிக்கும்.

ஒரே இடத்தில் பட்டி உள்ளவர்கள் கையில் பிடிக்கும் கருவிக்கு முன்னால் ஒரு ட்ரெயில் கேமராவை யோசிக்கலாம். மரத்தில் கட்டிவிட்டால் பிராணி குறுக்கே போகும்போது தானாகப் படம் பிடிக்கும். ராத்திரி மூன்று மணிக்கு வருகிறதை மூன்று மணிக்கு விழித்திருந்து பார்க்க யாரால் முடியும்? வெப்ப வித்தியாசத்தை உணர்ந்து விழித்துக்கொள்ளும் சென்சார் அது, சூடான கோடை மாலையில் சிலவற்றைத் தவறவிடும். இடுப்பு உயரத்தில் கட்டாமல் முழங்கால் உயரத்தில், பாதைக்குச் சாய்வாகக் கட்ட வேண்டும். சாதாரண சி.சி.டி.வி. கேமராவும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் அதன் ஐ.ஆர். லைட்டைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னும், மழைக்காலத்தில் ஈசல் மொய்க்கும், வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் வெறும் வெண்மூட்டம்தான். பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள் கேமரா பார்க்காதபடி திருப்பி வையுங்கள், நரியால் வராத சண்டை அதனால் வந்துவிடும்.

வெடி போட்டு விரட்டுவது பற்றி ஒரு வார்த்தை. கொஞ்ச நாளில் நரிக்கு அந்தச் சத்தம் பழகிவிடும். அதோடு, 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடியில் பறவைகள் கூடு கட்டுகின்றன என்பதற்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆட்டுக்காக வெடி போட்டால் ஊரே கேள்வி கேட்கும், கேட்பதும் நியாயம்.

கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். திரையில் தெரிவது தட்டைப் படம், பள்ளம் மேடு புரியாது. திரை வெளிச்சம் பட்ட கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடந்தால் டிஜிட்டலிலும் தெரியாது, தெர்மலிலும் தெரியாது. நின்று பாருங்கள், நடக்க வேண்டுமென்றால் கருவியை இறக்கிவிட்டுச் சாதாரண டார்ச்சை அடியுங்கள்.

பேட்டரி உள்ளேயே மூடப்பட்டதா, கழற்றி மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். 18650 என்ற வகை செல் போட்டால் ஓடும் கருவி நல்லது, காரைக்குடியில் இல்லாவிட்டாலும் மதுரையிலோ திருச்சியிலோ மாற்று செல் கிடைத்துவிடும். ஐ.ஆர். லைட்டை முழு வேகத்தில் எரியவிட்டால் பெட்டியில் எழுதிய மணிக்கணக்கில் பாதிகூட நிற்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்புகாத் தரம் ஐ.பி. 67 என்றிருந்தால் ஐப்பசி மழைக்குத் தாங்கும். பகலில் கடைக்குள் வைத்துக் காட்டும் படத்தை நம்ப வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில், அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாக வாங்குங்கள். அமாவாசை ராத்திரி அறுபது மீட்டர் தள்ளி உங்கள் வீட்டு ஆட்டையும் நாயையும் கட்டிவைத்து, எது எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் மறுநாளே திருப்பி அனுப்பிவிடலாம்.